முதலில் சீட்டு, பிறகு செடி

செடிகளுக்குச் செத்த பிறகும் ஒரு வீடு உண்டு. ஊசியக்கா இருபத்து மூன்று வருடமாக வேலை பார்ப்பது அந்த வீட்டில்தான். மூன்று மாடி, மாடிக்கு நாற்பது இரும்பு அலமாரி, அலமாரி நிறைய அட்டை உறைகள். உறைக்குள் தடித்த வெள்ளைத் தாள், ஒவ்வொரு தாளிலும் காய்ந்து தட்டையான ஒரு செடி. காடுமேடெல்லாம் அலைந்து செடி கொண்டுவருகிறவர்கள் வேறு. அதை அழுத்திக் காயவைத்து, தாளில் பரப்பி, தண்டை நூலால் தைத்து, வலது மூலையில் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று சொல்லும் சீட்டை ஒட்டுவது ஊசியக்காவின் வேலை. கோந்து போட்டு ஒட்டினால் போதாதா, தையல் எதற்கு என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் அரை மணி நேரம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஊசியால் தைப்பதால் தனக்கு இந்தப் பெயர் வந்தது என்று அவள் சொல்வாள். அவள் நாக்கைப் பார்த்து வைத்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

அந்த நாக்கில் அதிகம் அடிபட்ட ஆள் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பிதான். அவனும் ஒரு காலத்தில் இதே வீட்டில் வேலை பார்த்தவன். செடி தேடிப் போகிற வேலை. கால் ஓயாமல் நடப்பான், கண் எப்போதும் தரையில் இருக்கும். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் மழைக்குப் பிறகு, ஒரு சாண் உயரத்தில் ஐந்து இதழோடு ஒரு நீலப் பூவைக் கொண்டுவந்து சேர்த்தான். அதுவரை எவரும் பார்த்திராத பூ. அதன் பெயர் புத்தகத்தில் ஒரு முழம் நீளம். தையல் அறைப் பெண்களின் வாயில் அது நுழையாது என்பதால் அவர்கள் நீலச்சிமிழ் என்று வைத்துக்கொண்டார்கள். விதை போட்டு ஒரே வருடத்தில் முடிந்துபோகிற செடி அல்ல அது. மண்ணுக்கடியில் சின்னக் கிழங்கு ஒன்று உண்டு. பத்துப் பதினோரு மாதம் அது மண்ணுக்குள் தூங்கும், மழை தட்டி எழுப்பினால் மேலே வந்து இரண்டு வாரம் பூத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். இடத்தை மட்டும் மாற்றாது. இந்த வருடம் இங்கே பூத்தது என்றால் அடுத்த வருடமும் இங்கேதான்.

அப்படிப்பட்ட செடி, சீட்டில் எழுதியிருந்த ஆற்றங்கரையில் இல்லை. அப்போது தலைமையில் இருந்த பேராசிரியர் அடுத்த மழைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய், மூன்று நாள் முழங்கால் சேற்றில் கரையை அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஒரு நீலப் புள்ளிகூடக் கண்ணில் படவில்லை. அவர் கண்டிப்பான ஆள், தப்புக்கு இரண்டாவது வாய்ப்பு தந்து பழக்கமில்லாதவர். செடி எடுத்த இடத்திலேயே எழுதுகிற நோட்டைக் கொண்டுவா என்றார். நோட்டு ஆற்றில் விழுந்து போய்விட்டது என்றான் தம்பி. சின்னப் பிள்ளைகள்கூட இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லும். எவரிடமோ செடியை வாங்கி, போகாத ஊருக்குச் சீட்டு எழுதியிருக்கிறான் என்று பேராசிரியர் முடிவு கட்டினார். மறுநாளே அவன் வேலை போயிற்று. அன்றிலிருந்து அவனுக்கு 'ஆத்தங்கரை' என்று பெயர். அலுவலகம் வைத்த பெயர் வீடுவரை வந்தது, சொந்தக்காரர்கள்வரை போயிற்று. அவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். ஊசியக்காவும் கூப்பிட்டாள். குடும்பமே கூடியிருக்கும் இடத்தில், "உட்கார்ந்த இடத்துலேயே ஊரைச் சுத்துவான் எங்க ஆத்தங்கரை" என்று சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அவமானம். தம்பி செய்த காரியத்தால் தன் தலையும் குனிந்தது என்ற கோபம். அந்தக் கோபத்தை இத்தனை வருடமும் ஆறவிடாமல் வைத்திருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் அந்த நீலப் பூவின் தாள் அவள் மேசைக்கு வந்தது. பேராசிரியர் காலமாகி நாலு வருடம் ஆகிறது. இப்போது தலைமையில் இருப்பவர் மேடம். மேடத்துக்கு ஊசியக்காவின் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட. அலுவலகத்துக்குள்ளேயும் காட்டு பூட்ஸோடு நடப்பவர், ஊசியக்காவிடம் மட்டும் கொஞ்சம் பயம். மறைந்துபோன செடிகள் என்று ஒரு பட்டியலை அவர் அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, வெள்ளிக்கிழமை மாலை கடைசி. பட்டியலில் படம் போடுவதற்காக நீலச்சிமிழ்த் தாளை எடுத்தபோது வேர்ப்பக்கத் தையல் விட்டிருந்ததைப் பார்த்து, சரிசெய்து தரச் சொல்லி அனுப்பியிருந்தார். பட்டியலின் பிரதியும் கூடவே இருந்தது. நீலச்சிமிழுக்கு நேராக இப்படி எழுதியிருந்தது: ஒரே ஒரு முறை, ஆற்றங்கரையில் எடுத்ததாகச் சொல்லப்படுகிறது; பிறகு எவரும் கண்டதில்லை; எடுத்தவரின் பதிவு நம்பத்தக்கதல்ல.

ஊசியக்கா அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். வாயால் சொல்வது ஒன்று, அச்சில் ஏறுவது வேறு. அச்சில் ஏறினால் அவன் பேரன் பேத்தி காலத்திலும் அது அழியாமல் நிற்கும். எழுதினது தப்பா என்று கேட்டால் தப்பில்லை. இருந்தும் மனம் கேட்கவில்லை. அவனை அவள் திட்டலாம், அவள் அக்கா. மற்றவர்கள் அச்சடித்துத் திட்டுவது எந்த ஊர் நியாயம்.

முணுமுணுத்துக்கொண்டே பழைய நூலை வெட்டி வேரைத் தூக்கினாள். வேர் மயிர்களுக்கு நடுவில் கடுகளவு மண் கட்டிகள் ஒட்டியிருந்தன. வெள்ளையாக இருந்தன.

ஆற்றங்கரை மண் கறுப்பு. களிமண். கையில் பிசைந்தால் பசைபோல ஒட்டும். இத்தனை வருடத்தில் அந்த ஆற்றங்கரைச் செடி ஆயிரம் தைத்திருப்பாள், ஒன்றின் வேரிலும் வெள்ளை மண்ணைப் பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அப்போதும் வெள்ளைதான். சாப்பாட்டு டப்பாவில் தண்ணீரில் பிழிந்து குடிப்பதற்கென்று அரை எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். மேடம் பாறைத் துணுக்குகளின் மேல் சொட்டு மருந்து விட்டு, நுரைத்தால் சுண்ணாம்பு என்று சொல்வதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஒரு மண் கட்டியைக் கண்ணாடித் துண்டில் வைத்து எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டாள். பொசுபொசுவென்று நுரைத்தது.

ஊசியக்கா தாளைப் பார்த்தாள். எண் நானூற்றுப் பதினேழு. பதிவேட்டில் அடுத்த எண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து போய், இரண்டாவது மாடியில் புல் வகைகள் இருக்கும் அலமாரியைத் திறந்து, தம்பி அதே நாளில் எடுத்த நானூற்றுப் பதினெட்டாம் எண் தாளைத் தேடி எடுத்தாள். அது ஒரு கோரைப்புல். காலை எப்போதும் தண்ணீரில் நனைத்துக்கொண்டே நிற்கிற, எல்லா ஊரிலும் மலிந்து கிடக்கிற கோரை. சீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'பழைய சுண்ணாம்புக் குழி, சூளைக்குப் பின்புறம், வறண்ட பாறை இடுக்கு.' கோரை வறண்ட பாறையில் முளைத்ததாம். இத்தனை படித்த மேதைகள் வந்துபோகிற வீட்டில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்துச் சிரிக்கவில்லை, ஏனென்றால் கோரையை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள். அதன் வேரில் கறுப்புக் களிமண் அப்பியிருந்தது.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மதியம் அவளுக்கு அப்படியே திரும்பி வந்தது.

செடி காயும்வரை தினமும் தாள் மாற்ற வேண்டும். ஈரம் குடித்த பழைய செய்தித்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாளில் செடியைக் கிடத்தி, அதனுடைய சீட்டையும் கூடவே வைத்து மூட வேண்டும். சீட்டில் எண்ணும் இடமும் நாளும் மண்ணும் இருக்குமே தவிர, செடியின் பெயர் இருக்காது; பெயர் தெரிந்தால் ஏன் இங்கே கொண்டுவருகிறார்கள். அதனால் ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு செய்தித்தாள் மடிப்பைத்தான் திறக்கலாம். முதலில் சீட்டு போகும், பிறகு செடி போகும். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். அவள் அப்போது சேர்ந்து மூன்று மாதம், தற்காலிக வேலை. அன்று குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது, மகளுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, உடனே வரவேண்டும் என்று. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடலாம் என்று இரண்டு மடிப்பை ஒன்றாகத் திறந்தாள். மின்விசிறிக் காற்றில் சீட்டு இரண்டும் பறந்து தரையில் விழுந்தன. எது எதனுடையது?

அடுத்த அறையில் தம்பி பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். புதுசாகச் சேர்ந்தவள், சட்டத்தை மீறிவிட்டேன் என்று சொல்ல வெட்கம். ஒரு சீட்டில் ஆற்றங்கரை, இன்னொன்றில் சுண்ணாம்புக் குழி. இவ்வளவு அழகான பூ ஆற்றங்கரையில்தானே பூத்திருக்கும் என்று நினைத்தாள். பூவுக்கு ஆற்றைக் கொடுத்தாள், புல்லுக்குக் குழியைக் கொடுத்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியதில் சாயங்காலத்துக்குள் அதை மறந்தும் போனாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதை நினைக்காமல் இருக்க அவள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். தம்பியை வேலையிலிருந்து அனுப்புவதற்கு முன்னால் பேராசிரியர் வராந்தாவில் அவளை நிறுத்தி, நீ என்னம்மா நினைக்கிறாய் என்று கேட்டார். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் சார்" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பினால் அவன் வாசற்படியில் நின்று பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

மேசையில் மென்மயிர்த் தூரிகை ஒன்று கிடந்தது, தாளில் விழுகிற தூசியைத் தட்டுவதற்கு. ஊசியக்கா அதைக் கையில் எடுத்தாள். நாலு தட்டுத் தட்டினால் வெள்ளை மண்ணும் போய்விடும், கறுப்பு மண்ணும் போய்விடும். எந்தச் சாமர்த்தியசாலி வந்தாலும் பிறகு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தூரிகையை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் அவளுக்காக வக்காலத்து வாங்கவில்லை. இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாளே தவிர, ஒரு தட்டும் தட்டவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தாளையும் உறையில் போட்டு, தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்க்கப் போனாள்.

தம்பி தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற கடை வைத்திருக்கிறான். முன்னால் கடை, பின்னால் வீடு. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகின கம்பியை உரித்து, புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருகிறான். கடைக்குள் போனால் வார்னிஷ் வாடை மூக்கை அடைக்கும். வரிசையாக இருபது முப்பது மோட்டார் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை தொங்கும். யாருடையது, என்ன கோளாறு, எத்தனை சுற்று என்று அட்டையில் எழுதி, நூலால் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டிருப்பான். முன்பு ஒருமுறை, எதற்குடா இரண்டு முடிச்சு, மோட்டார் எழுந்து ஓடிவிடுமா என்று ஊசியக்கா கிண்டல் செய்தாள். ஒருத்தர் பொருள் இன்னொருத்தரிடம் மாறிப்போகக் கூடாது, அதில் இவர் சரியான பைத்தியம் என்று அவன் மனைவி சொன்னாள். அவன் அடுத்த அட்டையைக் கட்டப் போய்விட்டான்.

அன்றும் அவன் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்ததால் வா என்பதற்குத் தலையை மட்டும் அசைத்தான். ஊசியக்கா உட்காரக்கூடச் செய்யாமல், வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை எல்லாம் விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டாள்.

"அந்தச் சீட்டை மாத்தி வச்சது நான்தான்டா."

அவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான், இரு என்று. எண்ணி முடித்து, கம்பியைக் கிளிப்பில் மாட்டி, அட்டையில் எண்ணிக்கையை எழுதினான். கையைத் துணியில் துடைத்தான்.

"தெரியும்" என்றான்.

"தெரியும்னா? எப்போலேர்ந்து?"

"நீ அந்தப் பூவைத் தைச்சு முடிச்சு வச்ச அன்னிக்கே. தாளைப் பார்த்தேன், ஆத்தங்கரைன்னு இருந்துது. புரிஞ்சுபோச்சு."

உள்ளே போனான். வார்னிஷ் டின்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வந்தான். பைக்குள் பச்சை அட்டை போட்ட நோட்டு. ஊசியக்கா வாங்கிப் புரட்டினாள். ஒரு பக்கத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர்க் கறை இல்லை. நானூற்றுப் பதினேழு: கோரை, ஆற்றங்கரை, கறுப்புக் களி. நானூற்றுப் பதினெட்டு: நீலப் பூ, ஐந்து இதழ், கிழங்கு உண்டு, பழைய சுண்ணாம்புக் குழி, பாறை இடுக்கு. பக்கத்தில் பேராசிரியரின் சிவப்பு மைக் குறியும் சின்னக் கையெழுத்தும். செடிகள் வந்து இறங்கியதும் அவரே ஒவ்வொரு மடிப்பையும் நோட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். பேராசிரியர் கைக்கு வந்தபோது எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. தாள் மாற்றும்போதுதான் மாறியிருக்கிறது. தாள் மாற்றும் வேலை பார்த்தவள் அப்போது அந்த வீட்டில் ஒரே ஒருத்திதான்.

நோட்டைக் காட்டியிருந்தால் அவன் தப்பித்திருப்பான், அவள் மாட்டியிருப்பாள். அதனால் நோட்டு ஆற்றோடு போயிற்று. செடி இல்லையென்று தெரிந்தே மூன்று நாள் பேராசிரியரைச் சேற்றில் நடக்கவைத்து, தானும் கூட நடந்திருக்கிறான்.

"ஆத்துல போச்சுன்னியே" என்றாள்.

"போடலாம்னுதான் எடுத்துட்டுப் போனேன். மனசு வரல. நானூறு செடிக்கு மேல இருக்கே அதுல."

"ஏன்டா சொல்லல?"

"மாமா உன்னை விட்டுட்டுப் போயி அப்போ ஆறு மாசம். உனக்கு வேலை நிலையில்ல, பாப்பாவுக்கு ஒரு வயசு. நான் ஒத்தை ஆளு, எங்கயாவது பொழைச்சுப்பேன்னு நினைச்சேன்." கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். "பொழைச்சுட்டேன்ல."

ஊசியக்கா அங்கிருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். வராந்தாவில் சாரிடம் நான் சொன்னது என்று ஆரம்பித்தாள்.

"கேட்டுது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எத்தனை சுற்று என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

அவள் அழுதாள். அழுதாள் என்றால் நாலு பேர் பார்க்கிறார்களே என்ற எண்ணம்கூட இல்லாமல், மூக்கைச் சேலைத் தலைப்பில் சிந்திக்கொண்டு அழுதாள். மோட்டார் வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். தம்பியின் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். டீயில் ஆடை படிந்தபிறகு ஊசியக்கா பட்டியலைப் பற்றிச் சொன்னாள். நம்பத்தக்கதல்ல என்ற வரியைச் சொன்னபோது அவன் முகம் மாறியது. அந்த ஒரு தடவைதான் மாறியது. இத்தனை வருடம் சுமந்தவனுக்கு அந்தச் சொல் இன்னும் சுடும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

நோட்டை எடுத்துப் போ என்றான். ஆனால் மாற்றியது நீ என்று சொல்ல வேண்டாம், வேலை போய்விடும். எப்படியோ சீட்டு மாறிவிட்டது என்று பொதுவாகச் சொல் என்றான். பிறகு அவனுக்கே உரிய ஊமைக் குசும்போடு, "சார் மேல போட்டுடு. அவருக்கு இனிமே வலிக்காது" என்றான். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை இரண்டு தாளையும் நோட்டையும் மேடத்தின் மேசையில் வைத்தாள். மேடம் நோட்டைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், தன் சொட்டு மருந்தையும் ஒருமுறை விட்டுப் பார்த்தார். சீட்டை மாற்றி வைத்தது யார் என்பதையும் ஊசியக்கா சொல்லிவிட்டாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தாளில் ஒட்டிய சீட்டு தப்பு என்று தெரிந்தால் அதைக் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. தப்பு அப்படியே இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சின்னத் திருத்தச் சீட்டு ஒட்டி, எது சரி என்று எழுதி, திருத்துகிறவர் பெயரும் நாளும் போட வேண்டும். தப்பும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் காலம் முழுக்க இருக்கும், யார் திறந்தாலும் இரண்டையும் பார்க்கலாம்.

மேடம் நல்ல மாதிரி. சீட்டுகள் மாறியிருக்கின்றன என்று மட்டும் எழுதினால் போதும், தானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். யார் மாற்றினார்கள் என்று எழுதுகிற வழக்கம் இல்லை, எழுதினால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிவரும், மெமோ வரும் என்றார்.

"வரட்டும் மேடம். ரொம்ப வருஷம் லேட்டா வருது, அவ்வளவுதான்" என்றாள் ஊசியக்கா.

எழுதினாள். 'இந்தச் செடி ஆற்றங்கரையில் எடுத்ததல்ல, பழைய சுண்ணாம்புக் குழியில் எடுத்தது. எடுத்தவரின் சீட்டும் நோட்டும் சரி. தாள் மாற்றும்போது சீட்டை மாற்றி வைத்தவள் நான்.' கீழே தன் பெயரை முழுசாக எழுதி, நாளைப் போட்டாள். அதேபோல இன்னொன்று கோரைக்கும் எழுதினாள். கோந்து தடவி ஒட்டி, மேலே எடைக்கல்லை வைத்தாள். தைத்துக்கூட வைத்திருப்பாள், சீட்டைத் தைக்கிற வழக்கம் இல்லை.

மேடம் பட்டியலில் அந்தக் கடைசி வரியை அடித்தார். அடித்துவிட்டு, செடி மறைந்துவிட்டதா இல்லையா என்று எழுத நேரில் பார்க்க வேண்டுமே, இதுதானே பூக்கிற வாரம் என்றார். உங்கள் தம்பி வருவாரா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் அலுவலக ஜீப்பில் போனார்கள். தம்பி கடையைப் பூட்டிவிட்டு, எங்கோ அடியில் கிடந்த பழைய பூட்ஸைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இந்த இடத்துக்கு அதற்குப் பிறகு வந்தாயா என்று ஊசியக்கா கேட்டாள். ஒரு தடவைகூட வரவில்லை என்றான். "வந்தா பறிக்கத் தோணும். பறிச்சா எங்கேயிருந்துன்னு சொல்லத் தோணும்."

சூளை மூடிக் கிடந்தது. பின்புறக் குழியில் ஊரார் உடைந்த செங்கல்லையும் கிழிந்த மெத்தையையும் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். மழை பெய்து நாலு நாள், வெள்ளைப் பாறை கழுவிவிட்டதுபோல இருந்தது. மூன்று பேரும் முக்கால் மணி நேரம் குனிந்து தேடினார்கள். ஒன்றும் இல்லை. மேடம் மெத்தைக்கடியில்கூடத் தூக்கிப் பார்த்தார். ஊசியக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். இங்கேயும் இல்லையென்றால் நோட்டையும் யார் நம்புவார்கள்? மறுபடி அவனைத்தானே பொய்யன் என்பார்கள்?

தம்பி மட்டும் தரையைப் பார்க்காமல் பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தான். வெடி வைப்பதற்காகக் குடைந்த ஒரு பழைய ஓட்டையைத் தேடுகிறானாம். கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை, அதற்கு நேர் கீழே இடுக்கு. கிடைத்ததும், முன்னால் மலைபோலக் கிடந்த செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். மற்ற இருவரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஏழெட்டுக் கல்லை எடுத்த பிறகு இடுக்குக்குள் வெளிச்சம் போயிற்று. உள்ளே, வெளிச்சம் தேடிக் கழுத்தை வளைத்துக்கொண்டு, ஐந்து நீலப் பூ இருந்தது.

மேடம் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்குக் கிழங்கைப் பாதியா வெட்டி எடுத்தேன். மீதியை இங்கேயே விட்டுட்டேன். அதுதான் இது."

அவள் தைத்து அலமாரியில் வைத்த அதே செடியின் மறுபாதி. மேலே குப்பையைக் கொட்டியும் இத்தனை மழைக்கும் எழுந்து வந்திருக்கிறது. ஊசியக்காவுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

சாட்சிக்கு ஒரு தண்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார் மேடம். நீங்களே எடுங்கள், எடுத்தவர் பெயரில் உங்கள் பெயர்தான் வரவேண்டும் என்று தம்பியிடம் கத்தரியை நீட்டினார். கிழங்கைத் தொடாமல் ஒரு தண்டை மட்டும் அவன் வெட்டினான். அந்தப் பச்சை அட்டை நோட்டில், இத்தனை வருடமாகக் காலியாகக் கிடந்த அடுத்த பக்கத்தில் எழுதினான். பிறகு சீட்டு எழுதினான். ஊசியக்கா செய்தித்தாளை விரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் சீட்டைத் தரவில்லை. சீட்டின் ஓரத்தில் ஓட்டை போட்டு, சட்டைப் பையிலிருந்து மோட்டாருக்குக் கட்டுகிற நூலை எடுத்து, தண்டோடு சேர்த்துக் கட்டி ஒரு முடிச்சுப் போட்டான். அக்காவை நிமிர்ந்து பார்த்தான். இன்னொரு முடிச்சும் போட்டான்.

"ஃபேன் போட்டாலும் பறக்காது" என்றான்.

"வாயை மூடிட்டுக் கொடுடா" என்றாள் ஊசியக்கா. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. சீட்டும் செடியும் ஒன்றாகவே தாளுக்குள் போயின.